காந்தள் கிழங்கும் கட்டைவிரல் வலியும்

மாணவர்களே! ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்து வரும். வெயிலும் தூறலும் மாறி மாறி விளையாடும். அதைத்தான் சாரல் என்கிறோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் அப்போது இரைச்சலோடு விழும். கடைத்தெருவில் எண்ணெய் தேய்த்து விடுபவர்கள் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, "மூட்டுவலி, முதுகுவலி, வாதம் எல்லாம் போகும்" என்று கூப்பிடுவார்கள். வயதானவர்கள் பலர் உடம்பு நிறைய எண்ணெயோடு மெல்ல நடந்துபோய் அருவியில் நிற்பதைக் காணலாம்.

அதே மலையடிவாரத்தில், வேலியோரத்தில், மழை விழுந்ததும் ஒரு கொடி மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறது. அதன் பூவைப் பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி மடிந்து, தீக்கொழுந்து போல நிற்கும். அதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர்.

மூட்டுவலி வந்த பெரியவருக்கும் இந்தப் பூவுக்கும் என்ன தொடர்பு? பெரிய தொடர்பு இருக்கிறது. மூட்டு நோய்களில் மிகக் கொடிய வலி தரும் ஒன்றுக்கு, உலகெங்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு மருந்து இந்தக் கொடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. ஆனால் அதே கிழங்கு ஆளைக் கொன்றும் இருக்கிறது. ஒரே பொருள் மருந்தாகவும் நஞ்சாகவும் இருப்பது எப்படி? இதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

பூவும் பெயரும்

இந்தக் கொடிக்கு ஊருக்கு ஒரு பெயர். கிழங்கு கலப்பையின் வளைவைப் போல இருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகை மாதத்தில் பூத்துக் குலுங்கும் இடங்களில் கார்த்திகைப் பூ. கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையே இந்தப் பெயருக்குக் காரணம் என்பர். கணவாயைத் தாண்டி மலையாள நாட்டுக்குப் போனால் மேந்தோன்னி. டச்சுக்காரரான வான் ரீடு 17ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட மலபார்த் தாவர நூலில் இந்தக் கொடி அந்தப் பெயரோடுதான் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். "புகழ் மிக்கது, மிகச் சிறந்தது" என்று பொருள் கொள்ளலாம்.

சங்கப் புலவர்களுக்கும் இது பழகிய பூ. குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட மலர்ப் பட்டியல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரலுக்கு இதை உவமை கூறுவது புலவர் மரபு.

தாவரவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் இதில் உண்டு. முதலாவது, இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அதைக் கொண்டே கொடி பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறுகிறது. இரண்டாவது, பூவின் சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடிந்து, மகரந்தத்தாள்களை விட்டு விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே விழுவதைத் தவிர்க்க இது ஓர் ஏற்பாடு.

வாதம் என்பது ஒரே நோயா?

நம் ஊரில் மூட்டு வலித்தால் "வாதம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் மூட்டைப் பிடிக்கும் நோய்கள் பல. அவற்றுள் மூன்றையாவது வேறுபடுத்தித் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது மூட்டுத் தேய்மானம். எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் சிதைகிறது. முழங்கால்தான் பெரும்பாலும் பாதிக்கப்படும். மாடிப்படி ஏறும்போது வலி அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும்.

இரண்டாவது முடக்குவாதம். கிருமிகளோடு போராட வேண்டிய நம் தற்காப்பு மண்டலம் தவறிப்போய் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

மூன்றாவது கௌட் எனப்படும் கீல்வாதம். இது திடீரென்று வரும். இரவு நன்றாகப் படுத்த மனிதர் விடியுமுன் அலறிக்கொண்டு எழுந்திருப்பார். பெரும்பாலும் காலின் கட்டைவிரல் அடிமூட்டு சிவந்து, வீங்கி, நெருப்பாகக் கொதிக்கும். போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கே இது மிகுதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகே பெரும்பாலும் வருகிறது.

மூன்றும் மூட்டுவலிதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு. ஆகவே மருந்தும் வேறு. நம் காந்தளின் மருந்து இவற்றுள் மூன்றாவது நோய்க்கு மட்டுமே உரியது. தேய்ந்த முழங்காலுக்கு அதனால் பயன் இல்லை.

மூட்டுக்குள் ஊசிகள்

கீல்வாதத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. 1776இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே, சிறுநீர்க் கற்களில் யூரிக் அமிலம் என்ற பொருளைக் கண்டார். 1797இல் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன், கீல்வாதக்காரரின் மூட்டுக்கருகே திரளும் வெள்ளைக் கட்டி யூரிக் அமிலத்தின் உப்பே என்று காட்டினார். 1848இல் லண்டன் டாக்டர் ஆல்பிரட் காரோட், கீல்வாதக்காரரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதை நிரூபித்தார். கடைசியாக 1961இல் அமெரிக்காவின் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் வீங்கிய மூட்டின் திரவத்தைச் சிறப்பு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே மெல்லிய ஊசி வடிவப் படிகங்கள் மின்னின!

இந்த யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? நம் செல்களின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றில் பியூரின் என்ற மூலப்பொருள் உண்டு. செல்கள் மடியும்போது பியூரின் உடைந்து யூரிக் அமிலமாகிறது. நாம் உண்ணும் உணவிலிருந்தும் ஒரு பகுதி வருகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள் உண்டாவது; ஒரு பங்கே உணவிலிருந்து வருவது. சிறுநீரகமும் குடலும் இதை வெளியேற்றுகின்றன.

வீட்டுச் சுவரில் பல்லி எச்சம் இட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல இருக்கிறதே, அது யூரிக் அமிலம்தான்! பல்லிக்கும் பறவைக்கும் இதுவே கழிவுப்பொருள். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதனும் அவனுக்கு நெருங்கிய வாலில்லாக் குரங்குகளும் பரிணாமப் பாதையில் அந்த என்சைமை இழந்துவிட்டார்கள். அதனால்தான் கீல்வாதம் பெரிதும் மனிதனின் நோயாக இருக்கிறது.

ஏன் கட்டைவிரல்? ஏன் இரவு?

இதற்கு விடை உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. திரவம் குளிர்ந்தால் அதில் பல உப்புகளின் கரைதிறன் குறையும் அல்லவா? 37 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் திரவத்தில் யூரேட் உப்பு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 4.5 மில்லிகிராம்தான் கரையும். நம் உடலின் நடுப்பகுதி 37 டிகிரியில் இருந்தாலும் கால்விரல் நுனி அதைவிடக் குளிர்ந்தது. இரவில் இன்னும் குளிரும். ஆகவே இரத்தத்தில் மிகுந்துபோன யூரேட், குளிர்ந்த மூட்டில்தான் முதலில் படிகமாகப் பிரிகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் படிகாரம் வாங்குங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குப் படிகாரத்தைப் போட்டுக் கலக்குங்கள். தெளிந்த கரைசலை இரண்டு பாத்திரங்களில் ஊற்றுங்கள். ஒன்றை வெந்நீர் நிறைந்த ஏனத்துக்குள் வையுங்கள். மற்றொன்றைப் பானைத் தண்ணீரில் வையுங்கள். அரைமணி நேரம் கழித்து எதில் படிகங்கள் அதிகம் என்று பாருங்கள். குளிர்ந்த பாத்திரம்தான் கட்டைவிரல்!

படிகம் மட்டும் இருந்தால் வலி இல்லை. நம் இரத்தத்தின் வெள்ளையணுக்கள் அதைக் கிருமி என்று எண்ணி விழுங்க வருகின்றன. அப்போது அவை வெளிவிடும் பொருள்கள் மேலும் வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன. சிறு கூட்டம் பெருங்கூட்டமாகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை. செல்லுக்குள் இந்த அபாயச் சங்கை ஊதும் புரத அமைப்பு எது என்பதை 2006இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

ஒரு ரகசிய மருந்தின் கதை

இனி மருந்துக்கு வருவோம். ஐரோப்பாவில் கோல்ச்சிகம் என்றொரு கிழங்குச் செடி உண்டு. இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும். கீல்வாதத்துக்கு அந்த இனச் செடியின் கிழங்கைக் கொடுக்கலாம் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் எழுதினார். ஆனால் அது வயிற்றைப் பிடுங்கி எடுத்ததால் பின்னாளில் பலர் கைவிட்டார்கள்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூசான் என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஒரு "மருந்து நீர்" விற்கத் தொடங்கினார். கீல்வாதம் பறந்துவிடும் என்றார். உண்மையாகவே பலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் அதில் என்ன சேர்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. 1814இல் ஜான் வான்ட் என்ற ஆங்கில மருத்துவர் அந்த ரகசியத்தை உடைத்தார். அது கோல்ச்சிகம்தான்!

1820இல் பாரிஸ் நகரில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் அந்தச் செடியிலிருந்து வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான குவினைனை அதே ஆண்டில் பிரித்தெடுத்தவர்களும் இவர்களே. பின்னர் அப்பொருளுக்குக் கோல்ச்சிசின் என்ற பெயர் நிலைத்தது. அதன் மூலக்கூறில் 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன.

நம் காந்தள்? 1915இல் மூன்று ஆங்கில வேதியியலாளர்கள் குளோரியோசாவின் கிழங்கை ஆராய்ந்து, அதிலும் இதே கோல்ச்சிசின் இருப்பதை வெளியிட்டார்கள். கோல்ச்சிகமும் காந்தளும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் குடும்ப வேதியியல் மாறவில்லை.

செல்லுக்குள் அது என்ன செய்கிறது?

வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். செல் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, பிறகு இரு துருவங்களுக்கும் இழுக்கப்படுகின்றன. இழுப்பது கதிர்க்கோல் இழைகள். அந்த இழைகள் டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் நுண்குழல்கள். செங்கல் செங்கல்லாகச் சுவர் எழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல்ச்சிசின் போய் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் சுவர் எழும்பாது.

இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. மூன்றையும் ஒரே காரணம் விளக்குவதுதான் விஞ்ஞானத்தின் அழகு.

ஒன்று: வெள்ளையணு நகர்வதற்கும் தன் பொருள்களை வெளிவிடுவதற்கும் நுண்குழல்கள் வேண்டும். கோல்ச்சிசின் வெள்ளையணுக்களில் நிறையவே சேர்கிறது. அவற்றின் கூட்டம் கலைகிறது. அபாயச் சங்கும் அடங்குகிறது. கட்டைவிரல் வலி குறைகிறது.

இரண்டு: தாவரத்தில் செல் பிரியும்போது கோல்ச்சிசினைக் கொடுத்தால் குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் பிரிந்து போகா. செல்லில் இரட்டிப்பு எண்ணிக்கை தங்கிவிடும். 1937இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இதைக் காட்டினார்கள். 22 குரோமோசோம் உள்ள தர்ப்பூசணியை இம்முறையில் 44 ஆக்கி, அதை மீண்டும் சாதாரணச் செடியோடு கலந்தால் 33 குரோமோசோம் உள்ள செடி வரும். ஜப்பானின் கிஹாரா இப்படித்தான் விதையில்லாத் தர்ப்பூசணியை உண்டாக்கினார்.

மூன்று: அளவு மிஞ்சினால் நம் உடலில் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் எல்லாம் நின்றுபோகும். எவை அவை? குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

மருந்து எங்கே முடிகிறது, நஞ்சு எங்கே தொடங்குகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோல்ச்சிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். அதாவது ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. காய்ந்த காந்தள் கிழங்கு ஒரு கிராமில் கோல்ச்சிசின் சுமார் 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். மண்ணுக்கும் வயதுக்கும் பருவத்துக்கும் தக்கபடி இது மாறும்.

இப்போது யாரோ ஒருவர் 20 கிராம் பச்சைக் கிழங்கை அரைத்துக் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் போக அதன் உலர்ந்த எடை 5 கிராம் என்று கொள்வோம். உள்ளே போன கோல்ச்சிசின் 5 முதல் 15 மில்லிகிராம். அதாவது 10 முதல் 30 மாத்திரைகள் ஒரே மூச்சில்! 7 மில்லிகிராமிலேயே மரணம் நேர்ந்ததை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

இது கற்பனை அபாயம் அன்று. பூக்காத காலத்தில் கிழங்கைச் சர்க்கரைவள்ளி, காட்டுவள்ளி என்று தவறாக எண்ணி வேகவைத்துத் தின்றவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள். வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறு. கோல்ச்சிசின் கொதிநீர்ச் சூட்டில் அழிவதில்லை.

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும்; குடல் உட்படலம் தாக்கப்பட்டதன் அடையாளம் அது. இரண்டு மூன்று நாட்களில் எலும்பு மஜ்ஜை ஓய்ந்து இரத்த அணுக்கள் குறையும். இதயம், சிறுநீரகம், நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தலைமயிர் கொட்டிப் பின்னர் முளைக்கும். சற்று முன் நாம் எழுதிய பட்டியலை மீண்டும் பாருங்கள்: குடல், மஜ்ஜை, மயிர்க்கால். நோயின் வரிசை புரிகிறதா?

இதற்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆகவே யாராவது இக்கிழங்கைத் தின்றுவிட்டார்கள் என்று தெரிந்தால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்கக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மீதமுள்ள கிழங்கையோ இலையையோ கையோடு எடுத்துப் போங்கள்; டாக்டருக்கு அது பெரிய உதவி.

நம் பழைய மருத்துவ முறைகளும் இதை அறியாமல் இல்லை. ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் ஒன்றாக எண்ணியது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் இதைச் சேர்ப்பதில்லை. பெயரை மட்டும் கேட்டுவிட்டு வேலியில் பிடுங்கி அரைப்பது எந்த மருத்துவமும் சொல்லாத வழி.

குணமானது மருந்தாலா?

இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது. கீல்வாத வலி வந்த ஒருவர் ஒரு தைலத்தைத் தேய்த்தார். பத்து நாளில் வலி போயிற்று. தைலம்தான் குணப்படுத்தியது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஏனென்றால் கீல்வாதத் தாக்குதல் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பத்து நாளில் எதைத் தேய்த்திருந்தாலும், எதைக் குடித்திருந்தாலும், எந்த அருவியில் குளித்திருந்தாலும் பெயர் அதற்கே போய்ச் சேரும்! எண்ணெய் தேய்ப்பதும் அருவி நீர் தோளில் விழுவதும் இறுகிய தசைகளைத் தளர்த்திச் சுகம் தரும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டுக்குள் இருக்கும் படிகத்தை அவை கரைக்க மாட்டா.

ஆகவே மருந்தைச் சோதிக்க ஒப்பீட்டுக் குழு வேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். கீல்வாதத் தாக்குதல் கண்ட 184 பேரை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மொத்தம் 4.8 மில்லிகிராம் கோல்ச்சிசின். இரண்டாவது குழுவுக்கு 1.8 மில்லிகிராம், மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஒரு நாளில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் அதிக அளவுக் குழுவில் 100க்கு சுமார் 33 பேர். குறைந்த அளவுக் குழுவில் 38 பேர். வெற்று மாத்திரைக் குழுவிலும் 16 பேர்! பேதி கண்டவர்கள் அதிக அளவில் 100க்கு 77 பேர்; குறைந்த அளவில் 23 பேர்; வெற்று மாத்திரையிலும் 14 பேர்.

இந்த எண்கள் நமக்கு மூன்று பாடங்களைச் சொல்கின்றன. மருந்து உண்மையில் வேலை செய்கிறது. மருந்தின்றியும் சிலருக்கு வலி குறைகிறது. அளவைக் கூட்டினால் கூடுவது தீங்கே தவிரக் குணம் அன்று. பல தலைமுறைகளாக டாக்டர்கள் பேதி காணும் வரை கோல்ச்சிசின் கொடுத்து வந்தார்கள். அது தேவையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. சிறுநீரகம் பழுதானவர்களும், வேறு சில மருந்துகள் உண்பவர்களும் இந்தச் சிறு அளவைக்கூட டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

நெருப்பை அணைப்பதும் விறகைக் குறைப்பதும்

கோல்ச்சிசின் நெருப்பை அணைக்கிறது, விறகை எடுப்பதில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் அப்படியே இருக்கிறது. மீண்டும் மீண்டும் தாக்குதல் வருபவர்களுக்கு அதையும் குறைக்க வேண்டும். இதற்கு உதவியவர்கள் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். பியூரினை யூரிக் அமிலமாக்கும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற என்சைமைத் தடுக்கும் அல்லோபியூரினால் அவர்கள் ஆராய்ச்சியில் பிறந்தது. 1966இல் அது மருந்தாக வந்தது. 1988இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உணவிலும் கவனம் வேண்டும். ஈரல், குடல் முதலிய உறுப்பு இறைச்சிகள், நெத்திலி, மத்தி போன்ற மீன்கள், பீர், சர்க்கரைப் பானங்கள் ஆகியவை யூரிக் அமிலத்தைக் கூட்டும். பருப்பையும் கீரையையும் பலர் வீணாக விலக்குகிறார்கள். அவற்றால் கீல்வாதம் கூடுவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. தண்ணீர் தேவையான அளவு குடிக்க வேண்டும்.

முடக்கத்தான் கீரையை மறந்துவிட்டோமே என்று கேட்பீர்கள். முடக்கை அறுத்தவன் என்று பெயரிலேயே சான்றிதழ் வைத்திருக்கும் கொடி அது. தோசையாகவும் ரசமாகவும் நாம் உண்கிறோம். அதன் சாறு எலிகளில் வீக்கத்தைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல, மேலே பார்த்ததைப் போன்ற ஒப்பீட்டுக் குழுச் சோதனைகள் வேண்டும். உணவாக உண்ணலாம், அதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தலாகாது. முக்கியமாக முடக்குவாதம் உள்ளவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போகும்.

வேலியிலிருந்து வயலுக்கு

கோல்ச்சிசினுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை உண்டு. கிழங்கைவிட விதையில் அது அதிகம் இருப்பதால் விதைக்காகவே இக்கொடியைப் பயிர் செய்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு வயல்களைக் காணலாம். கொடி ஏறுவதற்கு முள்கிளுவை நட்டோ, கம்பி கட்டியோ வைத்திருப்பார்கள். சூல்தண்டு விலகி நிற்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதனால் காய் குறைவாகப் பிடிக்கும். காலை வேளையில் ஆட்கள் வயலில் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். உங்கள் பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் அயல் மகரந்தச் சேர்க்கை, இங்கே ஒரு குடும்பத்தின் வருமானம்!

இதில் ஒரு கவலையும் உண்டு. நடவுக்கு வேண்டிய கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பதால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் இயற்கையாக வளரும் காந்தள் குறைந்து வருகிறது. விதையிலிருந்தும் திசு வளர்ப்பு முறையிலும் நாற்று உண்டாக்குவது பெருகினால் காட்டுக் கிழங்கு பிழைக்கும்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது வேலியோரத்தில் இந்தப் பூவைத் தேடிப் பாருங்கள். நின்று பாருங்கள்; படம் வரையுங்கள். பிடுங்காதீர்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ மூட்டுவலி என்றால் எந்த மூட்டு, எப்போது தொடங்கியது, காலையிலா இரவிலா என்று கேளுங்கள். "வாதம்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாமல் அவரை டாக்டரிடம் அழைத்துப் போய், அது எந்த நோய் என்று தெரிந்துகொள்ள உதவுங்கள். நோயின் பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்தின் பெயரும் சரியாக இருக்கும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. 100 மில்லிலிட்டர் திரவத்தில் 6 மில்லிகிராம் யூரேட் கரைந்திருக்கிறது. 37 டிகிரியில் அது படிகமாகுமா? 30 டிகிரியில் எத்தனை மில்லிகிராம் வரை பிரியக்கூடும்?

2. 33 குரோமோசோம் உள்ள தர்ப்பூசணியில் விதை ஏன் முற்றுவதில்லை?

3. கோல்ச்சிசின் நஞ்சேறியவருக்குத் தலைமயிர் கொட்டுகிறது. செல் பிரிதலைக் கொண்டு காரணம் கூறுக.

4. "என் மாமா ஒரு தைலத்தால் குணமானார்" என்று உங்கள் நண்பர் சொல்கிறார். அது தைலத்தால்தானா என்று அறிய எப்படி ஒரு சோதனை வகுப்பீர்கள்? குழுக்கள் எத்தனை? யாருக்கு எது தெரியக்கூடாது?